செருப்புக் காவல்

தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் டின் கழுவுகிற தவசிமுத்துவுக்குக் கைரேகை கிடையாது. காஸ்டிக் சோடா முப்பத்தோரு வருஷத்தில் பத்து விரலையும் நக்கித் துடைத்துவிட்டது. ஆதார் எடுக்கப் போன இடத்தில் மிஷின் அவரை நான்கு தடவை இல்லை என்றது. ஐந்தாவது தடவை மிஷினே நின்றுபோய், பின்னால் வரிசையில் நின்ற நாற்பது பேரும் அன்றைக்கு இல்லாதவர்களாகவே வீடு திரும்பினார்கள். ரேஷன் கடையில் அவருக்குப் பதிலாக மனைவி சொர்ணபாய்தான் விரல் வைக்க வேண்டும். ஆண்டவர் விரலில் போட்டுக் கொடுத்த ரேகையையே தொலைத்துவிட்டு வந்த மனுஷன் என்று சொல்லிக்கொண்டே வைப்பாள்.

ரேகை போனாலும் மூக்கு இருந்தது. காலி டின்னுக்குள் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். நல்லெண்ணெயா பாமாயிலா, எந்தக் கடைச் சரக்கு, எத்தனை தடவை காய்ந்தது என்று சொல்லிவிடுவார். மாட்டுங்கா மெஸ் ஒன்றிலிருந்து வந்த டின்னை மோந்துவிட்டு, அங்கே சமையல்காரருக்கு மனசு சரியில்லை, இந்த வாரம் ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்றார். சமையல்காரர் போகவில்லை. மெஸ் முதலாளி போய்விட்டார். தவசிமுத்து மூக்கு அந்த அளவுக்குத்தான் பிசகும் என்று காம்பவுண்டில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமையானால் அவருக்கு வேறு வேலை. லேபர் கேம்ப் ஓரத்தில் திருநெல்வேலிக்காரர்களின் சிறிய சபை ஒன்று உண்டு. மாடியில் தகரக் கூரை போட்ட கோயில், கீழே படிக்கட்டடியில் செருப்புகள். அந்தச் செருப்புகளுக்குக் காவல் தவசிமுத்து. முக்காலியில் உட்கார்ந்து, மேலேயிருந்து வருகிற பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைப்பார். முன்னூறு ஜோடியில் எந்தச் செருப்பு யாருடையது என்பது அவருக்குத் தெரியும். குதிகால் தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்து, இந்த வாரம் யார் வீட்டில் சண்டை என்பதும் ஓரளவுக்குத் தெரியும்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. முந்தின நாள் சாயங்காலம் ஆயத்த ஆராதனைக்கு வந்து நோட்டில் பேர் கொடுத்தவர்கள்தான் அப்பமும் திராட்சரசமும் எடுக்கலாம் என்பது ஊரிலிருந்து ரயிலேறி வந்த வழக்கம். பதினாறு வருஷமாக அந்த நோட்டில் தவசிமுத்து என்கிற பேர் கிடையாது. முதல் மாதம் பல்வலி என்றார். அடுத்த மாதம் வயிறு. அதற்கடுத்த மாதம், செருப்பு களவு போகிறது, யாராவது கீழே இருந்தால் நல்லது என்றார். அதோடு காரணம் சொல்ல வேண்டிய அவசியம் தீர்ந்தது. முக்காலி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு போதகர் மாறிப்போவதால், புதிதாக வருகிறவரெல்லாம் பெஞ்சு, ஹார்மோனியத்தோடு அவரையும் சபைச் சொத்தில் சேர்த்துப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள்.

இப்படியே போயிருக்கும். மகள் ஷெர்லின் குறுக்கே வந்தாள்.

ஷெர்லினுக்குப் பத்தொன்பது வயது. செம்பூரில் கண்ணாடிக் கடையில் வேலை. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தடுமாறுவாள். ஞானோபதேசம் முழுவதையும் இந்தி எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் பண்ணி, பேராயர் கையால் திடப்படுத்தலும் வாங்கிவிட்டாள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு அவளுக்கு முதல் திருவிருந்து. முதல் தடவை எடுக்கிற பிள்ளைக்கு இந்தப் பக்கம் அம்மையும் அந்தப் பக்கம் அப்பனும் முழங்கால் போட வேண்டும். அதுவும் ரயிலேறி வந்ததுதான்.

சொர்ணபாய் பொம்பில் மீன் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்த ஒரு புதன்கிழமை அந்தப் பேச்சு வந்தது. வெளியே மழை, சந்துத் தண்ணீர் வாசற்படியை மோந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் போதாதா, நான் கீழே இருந்து ஜெபம் பண்ணிக்கொள்கிறேன் என்றார் தவசிமுத்து. ஷெர்லின் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அப்பா, நீங்க வரலன்னா நானும் வரல. ரெண்டாவது ஸ்டூல் போடச் சொல்லுங்க. நீங்க ஜென்ட்ஸ் செருப்பப் பாருங்க, நான் லேடீஸ் செருப்பப் பாக்கேன்."

தவசிமுத்து சிரிப்பார் என்று சொர்ணபாய் எதிர்பார்த்தாள். அவர் கருவாட்டு முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினார். கை கழுவிவிட்டு, குடை எடுக்காமல் வெளியே போனார்.

அவர் ஏன் போனார் என்பதற்குப் பதினாறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது தவசிமுத்து வேலை செய்கிற கோடவுனில் டின்களைத் தரம் பிரிக்கிற வேலை அபுதாஹிருக்கு. மேலப்பாளையத்துக்காரர். தவசிமுத்துவும் அவரும் ஒரே வருஷம் பம்பாய்க்கு வந்தவர்கள், ஒரே பீடியை இரண்டாக்கிக் குடித்தவர்கள். மாட்டுங்கா மெஸ்கள், செம்பூர் மிட்டாய்க்கடைகள் என்று கைவண்டியில் டின்கள் வந்து குவியும். எண்ணெய் டின் என்றால் ஒடுக்கெடுத்து, கொதிக்கிற காஸ்டிக்கில் முக்கி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மறுபடி விற்பார்கள். டிராம்பே பக்கத்திலிருந்து வருகிற ரசாயன மருந்து டின் என்றால் அபுதாஹிர் சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். வட்டம் போட்டதைக் கழுவக் கூடாது. வெட்டித் தகடாக்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தவசிமுத்துவுக்குச் சளி. இரண்டு பக்கமும் அடைப்பு. மூக்கால் பேர் வாங்கியவன் மூக்கடைப்பு என்று சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அன்றைக்கு அவர் முன்னால் வந்த ஒரு டின்னில் சிவப்பு வட்டம் இருந்தது. ஒடுக்கு இல்லாமல் கல்யாணப் பாத்திரம் மாதிரி மினுங்கியது. வெட்ட மனசு வரவில்லை. மோந்து பார்த்தார். ஒன்றும் அடிக்கவில்லை. அடைத்த மூக்கில் என்ன அடிக்கும்? பாய் நோன்பு மயக்கத்தில் தப்பாகப் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, நாரை எடுத்து வட்டத்தைத் தேய்த்தார். கழுவி, நல்ல டின் வரிசையில் கவிழ்த்தார்.

பெருநாளுக்கு முன்னால் ஆளுக்கொரு நல்ல டின் வீட்டுத் தண்ணீருக்கு எடுத்துப் போகலாம் என்று கோடவுனில் ஒரு ஏற்பாடு. அபுதாஹிர் எடுத்தது அந்த டின்னை. வீட்டில் மனைவி ஆஸியா நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று அந்த டின்னிலிருந்த தண்ணீரைக் குடித்தாள். டின்னின் அடித்தையலில் என்ன ஒளிந்திருந்தது என்பது இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. மறுநாள் தாராவிக்கு விடிந்தது. அவளுக்கு விடியவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து உயிரோடு வந்தாள். கண் வரவில்லை.

மேஸ்திரி சாய்நாத் எல்லோரையும் நிறுத்தி வைத்துத் தவசிமுத்துவிடம் கேட்டான், "நிஷான் தா க்யா?"

"நஹீ தா" என்றார் தவசிமுத்து.

குறி இருந்ததா, இல்லை. அவ்வளவுதான். அபுதாஹிர் மறுத்துப் பேசவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். நோன்பு மயக்கத்தில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கே கோடவுனை விட்டார். இப்போது ஜீன்ஸ் தைக்கிற பட்டறையில் நூல் பிசிர் வெட்டுகிறார். அந்தக் கை அதற்குப் பிறகு சாக்கட்டியைத் தொட்டதில்லை.

பொய்யை இந்தியில் அல்லவா சொன்னோம், தமிழ் ஜெபம் கேட்கிற ஆண்டவருக்கு அது எட்டியிருக்காது என்று தவசிமுத்து ஒரு ஆறு மாதம் நம்பிப் பார்த்தார். அது சரிப்படாமல் போகவே, உடம்பால் கழிக்கத் தொடங்கினார். ஆஸியா மாட்டுங்கா ஓட்டல்களுக்கு வெள்ளைப்பூண்டு உரித்துக் கொடுக்கிறாள். வீடு மாடியில், இரும்பு ஏணி. வெள்ளிக்கிழமைதோறும் பூண்டு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த ஏணியில் ஏறுவார். மழையிலும் ஏறினார், காய்ச்சலிலும் ஏறினார். பதினாறு வருஷத்தில் அவர் ஏற்றிய பூண்டை உரித்துப் போட்டால் மாஹிம் கழிமுகம் தூர்ந்துபோகும்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் அபுதாஹிர் தொழுதுவிட்டு வந்து, ஆஸியா முன்னால் உட்கார்ந்து, "என்னையப் பொறுத்துக்கிடு" என்பார். அவள், "பொறுத்தாச்சு, சோறு ஆறுது" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, அதே பிரியாணியைத் தின்றுகொண்டு, தவசிமுத்து இதைக் கேட்டிருக்கிறார். பதினாறு பெருநாள்.

அந்தப் புதன்கிழமை மழையில் போனவர் கோயிலுக்குத்தான் போனார். போதகர் ஜெயசிங் முப்பத்தைந்து வயசுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தகரக் கூரையில் ஏறி ஒழுகுகிற இடத்தில் நீலத் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார். காற்று பாயைப் பிடுங்கியது. ஒரு முனையைப் பிடியுங்கள் அண்ணாச்சி என்றார். தவசிமுத்து மேலே ஏறி, ஒரு முனையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, காற்றுச் சத்தத்தில் கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொன்னார். பாவ அறிக்கையை யாரும் அவ்வளவு உரக்கச் செய்திருக்க மாட்டார்கள்.

போதகர் செங்கல்லை எடுத்துத் தார்ப்பாய் மேல் வைத்தார். அடுத்த முனைக்கு இன்னொரு செங்கல் தேடினார்.

"இன்னும் எத்தன வருசம் தூக்கணும் ஐயா?" என்றார் தவசிமுத்து. "நீங்க ஒண்ணு சொன்னீங்கன்னா தூக்கிருவேன். முதுகு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"அண்ணாச்சி, முப்பது வருசமா டின் கழுவுதீங்க. ஒரு டின்னாவது தன்னத்தானே கழுவிட்டு வந்து நின்னிருக்கா?"

தவசிமுத்து நேர்மையாக யோசித்தார். "ஒண்ணு ரெண்டு மழையில கெடந்து சுத்தமாயிருக்கு ஐயா."

"மழ மேல இருந்துல்லா பெய்யுது." போதகர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "அது கிருபை. நீங்க தூக்கின மூட்டைக்குக் கூலி இல்ல. உங்க பாவத்த ஒருத்தர் சிலுவையில சுமந்து முடிச்சிட்டாரு. நீங்க அத நம்பாம, நானே சுமப்பேன்னு நிக்கீங்க. உங்களாலயும் முழுசா முடியல. பாதிய கொண்டு பாய் தலையில வச்சிருக்கீங்க. அந்த மனுசன் எதுக்குச் சுமக்கணும்?"

"பாய்ட்ட சொன்னா மன்னிப்பாவளா?"

"தெரியாது."

"மன்னிக்கலன்னா?"

"அப்பவும் உங்க பேரு நோட்டுல இருக்கும்." நோட்டு கீழே இருந்ததால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் தவசிமுத்து என்று எழுதினார். மழையில் மை படரப் பார்த்தது; கையை மூடிக்கொண்டார்.

"இன்னிக்குச் சனிக்கிழம இல்லையே ஐயா" என்றார் தவசிமுத்து.

"தார்ப்பாயப் பிடிங்க, பறக்கப் போவுது" என்றார் போதகர்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் மூட்டையோடு ஏணி ஏறினார். ஏணியில் பதினோரு படி. அன்றைக்கு எண்பது இருந்தது. அபுதாஹிர் ஜும்மா முடிந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஆஸியா ஜன்னல் பக்கம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் காற்றில் பூண்டுத் தோல் அறை முழுக்க ஈசல் மாதிரி அலைந்தது. மூட்டையை இறக்கினார். உட்காரவில்லை.

"பாய், அன்னிக்கு வட்டம் இருந்துச்சு."

"என்னிக்கு?"

"அந்த டின்னுல. நீரு போட்டிருந்தீரு. எனக்குச் சளி. வாட தெரியல, வெளிய சொல்ல வெக்கம். நாந்தான் வட்டத்தத் தேச்சுக் கழுவினேன். சாய்நாத் கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் நாந்தான்."

ஆஸியாவின் கை நின்றது.

அபுதாஹிர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தானாக ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. "நான் போட்டிருந்தேனா?"

"போட்டிருந்தீரு."

"சரியாச் சொல்லும்வே. அரையும் குறையுமாவா, முழுசாவா?"

"முழு வட்டம், பாய். ரெண்டு நுனியும் சேந்திருந்துச்சு."

அபுதாஹிர் எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான் மாறிப் போனது, கவனிக்கவில்லை. தவசிமுத்துவைத் தொடாமல் அவரைச் சுற்றிக்கொண்டு ஏணியில் இறங்கினார். கீழே செருப்புச் சத்தம் கேட்கவில்லை. வெறுங்காலோடு போய்விட்டார்.

"அண்ணாச்சி" என்றாள் ஆஸியா. முகம் கொஞ்சம் விலகி, மூட்டை இருந்த பக்கம் திரும்பியிருந்தது. "வெள்ளிக்கு வெள்ளி மூட்ட தூக்குனது இதுக்குத்தானா?"

"ஆமா தங்கச்சி."

"நான் பாசம்னு நெனச்சிருந்தேன்."

 அதுவும்தான் என்று தவசிமுத்து சொல்லியிருக்கலாம். சொல்லுகிற யோக்கியதை தனக்கு உண்டா என்று தெரியவில்லை.

"இனிமே மூட்ட தூக்கிட்டு வராதிய" என்றாள்.

சரி என்று திரும்பி ஏணியில் ஒரு கால் வைத்தார். பின்னால் மறுபடி பூண்டு உரிகிற சத்தம் கேட்டது.

"வராதியன்னு சொல்லல. மூட்டதான் வேண்டாம்னேன். எனக்குக் கோவம் இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அது எனக்கும் என்னையப் படைச்ச ரப்புக்கும் உள்ளது, நாங்க பேசிக்கிடுதோம். நீங்க வரணும்னா கைய வீசிட்டு வாங்க. வந்து ஒரு டீயக் குடிச்சிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள். அபுதாஹிர் பட்டறைக்குப் போகிறார், வருகிறார் என்று மட்டும் கேள்வி. வழியில் தவசிமுத்துவைக் கண்டால் சந்து மாறினார். அந்த ஒன்பது நாளும் தவசிமுத்து கழுவிய டின்களில் முகம் பார்க்கலாம் என்று சாய்நாத் சொன்னான். தவசிமுத்து ஒன்றிலும் பார்க்கவில்லை.

சொர்ணபாயிடமும் ஷெர்லினிடமும் சொன்னார். ஷெர்லின் அழுதாள். சொர்ணபாய் அழவில்லை, திட்டவில்லை. சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஆஸியா வீட்டுக்குப் போய் நாலு மணி நேரம் பூண்டு உரித்துவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை. டீ நல்லாயிருந்தது என்றாள் அவளாக.

சனிக்கிழமை ஆயத்த ஆராதனையில் போதகர் நோட்டை விரித்தபோது அவர் பேர் முதல் வரியில் ஏற்கெனவே இருந்தது. தேதி, மழை பெய்த அந்தப் புதன்கிழமை.

ஞாயிறு காலை மழை விடவில்லை. வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்த தவசிமுத்து, பழக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேலே மணி அடித்தது. வெள்ளைப் புடவையில் ஷெர்லின் நான்காவது படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். சொர்ணபாய் மேலே போய்விட்டாள், பார்க்காமலே.

"அப்பா, சலோ."

"நீ போ. இந்தச் செருப்ப யாருட்டயாவது ஒப்படைச்சிட்டு வாறேன்."

பதினாறு வருஷம் உழைத்த சாக்கு, கடைசியாக ஒரு தடவை தலையைத் தூக்கியது. அது சாக்கு என்பது அவருக்கும் தெரிந்தது. பாய் மன்னிக்காமல் எப்படி மேலே போவது என்று கால் கேட்டது. மன்னிக்காவிட்டாலும் பேர் இருக்கும் என்று போதகர் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுந்தார். முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"அப்ப செருப்ப ஆருவே பாப்பா?"

குடையை மடக்கிக்கொண்டு அபுதாஹிர் நின்றார். தாடியில் மழைத் துளி. தவசிமுத்துவைத் தாண்டிப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுப் பார்த்தார், சரிப்படவில்லை, இறக்கிக்கொண்டார்.

"பாய்..."

"ஒம்போது நாளா ஒறங்கல. கோவத்துல இல்ல. கோவம் ஒரு நாலு நாள் இருந்துச்சு. பொறவு ஒறக்கம் வந்துச்சு, நாந்தான் ஒறங்கல. நான் வட்டம் போடாம விடலயேன்னு நெனச்சு நெனச்சு முழிச்சுக் கெடந்தேன்." குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேல போம். பிள்ள நிக்கி."

தவசிமுத்து போனார்.

மேலே தார்ப்பாய் காற்றில் படபடத்தது. ஒரு இடத்தில் இன்னும் ஒழுகியது. கீழே வாளி வைத்திருந்தார்கள். ஷெர்லினுக்கு இந்தப் பக்கம் சொர்ணபாய், அந்தப் பக்கம் அவர். முழங்கால் போட்டு, வலது கையை இடது கைமேல் வைத்து ஏந்தச் சொல்லியிருந்தார்கள். ஏந்தினார். ஏந்திய கையைப் பார்த்தார், ஒன்றுமில்லை. ரேகைகூட இல்லை. இவன் இன்னான் என்று எந்த மிஷினும் ஒப்புக்கொள்ளாத கை அது. போதகர் அவர் முன்னால் வந்து நின்று, கேட்காமல், பார்க்காமல், அந்தக் கைமேல் அப்பத்தை வைத்தார். உனக்காக என்றார். தவசிமுத்து தின்றார். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவர் மூக்கு டின்னை விட்டுவிட்டு வேறு வாடையைப் பிடித்தது: மாவும், மழையும், மகளுக்கு அப்பால் சொர்ணபாய் கையிலிருந்து இன்னும் போகாத பூண்டும்.

ஆராதனை முடிந்து சபை கீழே இறங்கியபோது படிக்கட்டடியில் ஒரே சிரிப்பு. முன்னூறு ஜோடிச் செருப்பிலும் சிவப்புச் சாக்கட்டியில் நம்பர். இடதுக்கும் வலதுக்கும் ஒரே நம்பர், வரிசை பிசகாமல். உபதேசியார் தன் செருப்பு நாற்பத்தேழா என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார். அபுதாஹிர் முக்காலியில் உட்கார்ந்து, சிவந்த விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

தவசிமுத்துவின் செருப்பில் நம்பர் இல்லை. வாரில் ஒரு சிறிய வட்டம் இருந்தது.

"இது என்ன பாய்?"

"வட்டம்தான். ரெண்டு நுனியும் சேந்திருக்கா பாரும்."

தவசிமுத்து குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரச் சற்று நேரமானது.

"சேந்திருக்கு."

"அப்ப சரி." அபுதாஹிர் குடையை விரித்தார். "இதையாவது கழுவாம வையும். வாரும், ஆஸியா டீ போட்டிருப்பா."

வெளியே நல்ல மழை. தவசிமுத்து செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைக்குள் இடுப்போடு செருகிக்கொண்டு, பெல்ட்டை இறுக்கினார். ஏன்ப்பா, கால் நனையுமே என்றாள் ஷெர்லின். அவர் பதில் சொல்லாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு, இரும்பு ஏணி இருக்கிற சந்துப் பக்கமாக வெறுங்காலோடு நடந்தார்.